இருந்த இடத்திலிருந்தே ஆய்வகப் பராமரிப்பு: ஆசிரியர்களுக்கான கட்டளை வரிக் குறிப்புகள்

கணினி ஆய்வகப் பாடவேளை பெரும்பாலும் நாற்பது நிமிடம்தான். மாணவர்கள் வரிசையாக வந்து அமர்வதற்கே ஐந்து நிமிடம் ஆகிவிடும். அதற்குள் "சார், இதுல நெட் வரல", "மிஸ், இது அப்படியே நிக்குது" என்று நான்கு மூலைகளிலிருந்தும் குரல்கள் எழும். ஆசிரியர் ஒவ்வொரு கணினியாகச் சென்று பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் பாதிப் பாடவேளை முடிந்திருக்கும். சரியாகாத கணினிக்கு உறை போட்டு, "பழுது" என்று தாள் ஒட்டிவிடுகிறோம். பழுது நீக்குபவர் வரும்வரை அந்த இருக்கைக்குரிய மாணவர் பக்கத்து மாணவரின் தோள்வழியே எட்டிப் பார்த்துக் கற்க வேண்டியதுதான்.

அப்படி மூடிவைக்கும் கணினிகளில் பலவற்றுக்கு உண்மையான பழுது இருப்பதில்லை. நிலைவட்டு நிரம்பியிருக்கும், தேதி தவறாக இருக்கும், கேபிள் நழுவியிருக்கும், ஏதோ ஒரு செயலி சிக்கி நிற்கும். ஆசிரியர் தம் மேசையில் இருந்தபடியே ஓரிரு கட்டளைகளில் இவற்றைக் கண்டறியலாம். பலவற்றைச் சரிசெய்தும் விடலாம். அதற்கான எளிய வழிகளை இக்கட்டுரையில் பார்ப்போம்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை இங்கு தமிழ் ஒலிப்பில் தந்துள்ளேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். எங்கள் பள்ளியில் உள்ளதைப் போல உபுண்டு போன்ற லினக்ஸ் இயக்க அமைப்பை முதன்மையாகக் கொண்டு விளக்கியுள்ளேன். விண்டோஸ் பயன்படுத்துவோருக்குத் தனிப்பகுதி உண்டு.

திரையா, எழுத்தா?

தொலைவிலுள்ள கணினியை இயக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, அதன் திரையை அப்படியே நம் திரையில் கொண்டுவருவது. விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப், விஎன்சி ஆகியவை இவ்வகை. மற்றொன்று, எழுத்து வழியாக மட்டும் கட்டளை அனுப்பி விடை பெறுவது. எஸ்எஸ்ஹெச் இவ்வகை.

மாணவருக்கு ஒரு மென்பொருளை இயக்கிக் காட்ட வேண்டுமானால் திரை வழியே சிறந்தது. பராமரிப்புக்கோ எழுத்து வழியே கைகொடுக்கும். அதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, திரை வழியில் படங்கள் ஓயாமல் பயணிக்க வேண்டும். எழுத்து வழியில் சில வரிகள் மட்டுமே பயணிப்பதால் வேகம் குறைந்த இணைப்பிலும் தடங்கல் இராது. இரண்டாவது, ஒரே கட்டளையை இருபது கணினிகளுக்கும் அனுப்பலாம். மூன்றாவது, கட்டளையைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். "அங்கே சொடுக்கு, பிறகு வலப்பக்கம் மூன்றாவது படத்தைச் சொடுக்கு" என்று எழுதுவதைவிட ஒரு வரிக் கட்டளையை எழுதுவது எளிது. நாம் விடுப்பில் இருந்தாலும் இன்னொரு ஆசிரியர் அதைப் பார்த்துச் செய்துவிடுவார்.

எஸ்எஸ்ஹெச் தோன்றிய கதை வகுப்பறையிலும் சொல்லத்தக்கது. அதற்கு முன் பரவலாக இருந்த டெல்நெட் முறையில் கடவுச்சொல் எந்த மறைப்பும் இன்றிக் கம்பி வழியே சென்றது. நடுவில் ஒட்டுக்கேட்பவர் அதை அப்படியே படித்துவிடலாம். ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பிணையத்தில் இப்படிக் கடவுச்சொற்கள் திருடப்பட்டதைத் தொடர்ந்து, அங்கிருந்த டாட்டு இலோனென் 1995-இல் எஸ்எஸ்ஹெச்-ஐ உருவாக்கினார். இதில் போகும் எழுத்தும் வரும் எழுத்தும் மறையாக்கம் செய்யப்படுகின்றன. இதற்குரிய போர்ட் எண் 22. டெல்நெட்டின் எண் 23.

முதல் வேலை: முகவரிப் பட்டியல்

எந்தக் கணினிக்கு என்ன முகவரி என்று தெரியாமல் எதுவும் செய்ய இயலாது. ஒவ்வொரு கணினியிலும் முனையத்தைத் திறந்து 'ஐபி', ஓர் இடைவெளி, 'ஏ' எனத் தட்டினால் அதன் ஐபி முகவரி தெரியும். விண்டோஸில் 'ஐபிகான்ஃபிக்'. பள்ளிப் பிணையங்களில் அது பெரும்பாலும் 192.168 அல்லது 10 எனத் தொடங்கும். கணினியின் மேல் ஒட்டியுள்ள எண்ணையும் இந்த முகவரியையும் ஒரு குறிப்பேட்டில் எதிரெதிரே எழுதி வைப்போம். ரௌட்டர் சில நேரம் முகவரிகளை மாற்றித் தந்துவிடும் என்பதால், ஒவ்வொரு கணினிக்கும் நிலையான முகவரி கிடைக்குமாறு ஒருமுறை அமைத்துவிடுவது நல்லது.

'பிங்' சொல்லும் விடை

"நெட் வரல" என்ற ஒரு புகாருக்குப் பின்னால் நான்கு வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். அவற்றைப் பிரித்துக் காட்டும் கட்டளை 'பிங்'. அது மறுமுனைக்குச் சிறு செய்தியை அனுப்பி, பதில் வருகிறதா எனப் பார்க்கிறது. விண்டோஸில் நான்கு முறை அனுப்பிவிட்டு நின்றுவிடும். லினக்ஸில் கன்ட்ரோல், சி விசைகளைச் சேர்த்து அழுத்தும்வரை தொடரும்.

புகார் வந்த கணினியிலிருந்து கீழ்க்கண்ட வரிசையில் சோதிக்க வேண்டும்.

1. ஆய்வகச் சேவையகத்தின் முகவரிக்குப் பிங் செய்க. பதில் இல்லையா? அந்த ஒரு கணினியில் மட்டும் இப்படி என்றால் அதன் கேபிளையோ, ஸ்விட்ச் பெட்டியில் அது செருகப்பட்டுள்ள இடத்தையோ பார்க்க வேண்டும். எல்லாக் கணினிகளிலும் இப்படி என்றால் ஸ்விட்ச் பெட்டிக்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள்.

2. ரௌட்டரின் முகவரிக்குப் பிங் செய்க. சேவையகம் பதில் தந்து ரௌட்டர் தரவில்லை என்றால் சிக்கல் ரௌட்டரிலோ அதற்குச் செல்லும் கேபிளிலோ உள்ளது.

3. 8.8.8.8 என்ற முகவரிக்குப் பிங் செய்க. இது கூகுளின் பொதுப் பெயர்ச் சேவையகம். ரௌட்டர் பதில் தந்து இது தராவிட்டால் வெளி இணைப்பில்தான் கோளாறு. கணினிகளைத் திறந்து பார்ப்பதில் பயனில்லை. இணைப்பு வழங்குநரைத் தொடர்பு கொள்ள வேண்டும்.

4. ஓர் இணையதளத்தின் பெயரைக் கொடுத்துப் பிங் செய்க. எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயருக்கு வரவில்லை என்றால் டிஎன்எஸ் அமைப்பைச் சரிபார்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: விண்டோஸின் ஃபயர்வால் பிங் செய்திக்குப் பதில் தராமல் தடுக்கக்கூடும். எனவே பதில் வராததை மட்டும் வைத்து ஒரு விண்டோஸ் கணினி இயங்கவில்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

இந்த நான்கு படிகளுக்கும் இரண்டு நிமிடம் போதும். பழுது நீக்குபவரை அழைக்கும்போதும் "நெட் வரவில்லை" என்பதற்குப் பதிலாக, "ரௌட்டர் வரை பதில் வருகிறது, வெளியே போகவில்லை" என்று சொல்ல முடியும். வருபவர் சரியான கருவியோடு வருவார்.

உள்ளே நுழைதல்

நாம் நுழைய வேண்டிய கணினியில் ஓபன்எஸ்எஸ்ஹெச் சேவையக மென்பொருள் இருக்க வேண்டும். உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து கட்டணமின்றி இதை நிறுவலாம். பிறகு நம் கணினியில் 'எஸ்எஸ்ஹெச்' எனத் தட்டி, இடைவெளி விட்டு, பயனர் பெயர், @ குறி, முகவரி ஆகியவற்றைச் சேர்த்து எழுதினால் போதும்.

புதியவர்கள் மிரளும் இடங்கள் இரண்டு உண்டு. முதன்முறை இணையும்போது "இந்தக் கணினியை நம்புகிறீர்களா?" என்ற பொருளில் ஒரு நீண்ட குறியீட்டுடன் கேள்வி வரும். நம் பட்டியலில் உள்ள முகவரிதான் என உறுதி செய்துகொண்டு 'யெஸ்' எனத் தட்டலாம். அடுத்து, கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் புள்ளிகூடத் தோன்றாது. விசைப்பலகை வேலை செய்யவில்லை என்று எண்ண வேண்டாம். தட்டி முடித்து என்டர் அழுத்துங்கள்.

உள்ளே சென்றதும் 'ஹோஸ்ட்நேம்' எனத் தட்டும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வது நல்லது. இப்போது எந்தக் கணினியில் இருக்கிறோம் என்பதை அது சொல்லும். வேலை முடிந்ததும் 'எக்ஸிட்'.

அன்றாடம் பயன்படும் கட்டளைகள்

'டிஎஃப் -ஹெச்': நிலைவட்டில் எவ்வளவு இடம் மீதமுள்ளது எனக் காட்டும். மாணவர் கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தும் கணினி மீண்டும் நுழைவுத் திரைக்கே திரும்புகிறதா? வட்டு முழுவதும் நிரம்பியிருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். திரை வழியாக நுழைய முடியாத அந்த நிலையிலும் எஸ்எஸ்ஹெச் வழியே பெரும்பாலும் நுழைய முடியும். 'டியூ -எஸ்ஹெச்' என்பதோடு ஒரு கோப்புறையின் பெயரைச் சேர்த்தால் அது எவ்வளவு இடத்தைப் பிடித்துள்ளது என்று தெரியும். பெரும்பாலும் பதிவிறக்கக் கோப்புறையில் காணொளிகள் குவிந்திருக்கும். அழிப்பதற்கு முன் உரியவரிடம் கேட்டுவிடுங்கள். மாணவரின் செயல்திட்டமும் அங்கே இருக்கலாம்.

'டேட்': கணினியின் தேதியைக் காட்டும். பழைய கணினிகளில் தாய்ப்பலகையிலுள்ள காசு வடிவப் பேட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரம் நின்று வரும்போதெல்லாம் தேதி பின்னோக்கிப் போய்விடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றுக்குக் காலவரம்பு உண்டு. கணினியின் தேதி அந்த வரம்புக்கு வெளியே இருந்தால், "உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று சொல்லி உலாவி தளத்தைத் திறக்க மறுக்கும். பிங் நன்றாக வருகிறது, தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் முதலில் தேதியைப் பாருங்கள். நிலையான தீர்வு, விலை குறைந்த அந்தப் பேட்டரியை மாற்றுவதுதான்.

'டாப்': எந்தச் செயலி அதிக நினைவகத்தையும் செயலியின் நேரத்தையும் எடுத்துக்கொள்கிறது என்பதைப் பட்டியலிடும். ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கம் ஓர் எண் இருக்கும். 'க்யூ' விசையை அழுத்தி வெளியே வந்து, 'கில்' என்பதோடு சிக்கி நிற்கும் செயலியின் எண்ணைச் சேர்த்துத் தட்டினால் அது மட்டும் நிறுத்தப்படும். கணினியையே அணைத்துப் போட வேண்டியதில்லை.

'ஷட்டவுன் +10': பத்து நிமிடத்தில் கணினி அணைய ஏற்பாடு செய்யும். மாலையில் கடைசிப் பாடவேளை முடியும்போது பயன்படும். 'ஷட்டவுன் -சி' என்றால் அந்த ஏற்பாடு நீங்கும். இக்கட்டளைக்கு நிர்வாகி உரிமை தேவை. முன்னால் 'சூடூ' சேர்க்க வேண்டும். தட்டுவதற்கு முன் 'ஹோஸ்ட்நேம்' பார்ப்பது கட்டாயம். பத்துப் பேர் பயிற்சி எழுதிக்கொண்டிருக்கும்போது சேவையகம் அணைந்துவிடக் கூடாது அல்லவா!

'எஸ்சிபி': ஒரு கோப்பை மறுகணினிக்கு நகலெடுக்கும். பயிற்சித்தாளைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு இருபது முறை நடக்க வேண்டாம். பென்டிரைவ் வழியே வைரஸ் பரவும் வாய்ப்பும் குறையும். கட்டளைகள் பழகிய பின், முகவரிகளை ஒரு கோப்பில் எழுதி வைத்து 'பேரலல்-எஸ்எஸ்ஹெச்' என்னும் கருவி மூலம் ஒரே கட்டளையை எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பலாம்.

விண்டோஸ் பயன்படுத்துவோருக்கு

விண்டோஸ் 10-இல் 2018 முதல் எஸ்எஸ்ஹெச் கட்டளை இயல்பாகவே உள்ளது. எனவே விண்டோஸ் கணினியிலிருந்து லினக்ஸ் சேவையகத்துக்குள் நுழையத் தனி மென்பொருள் தேவையில்லை. 'டாஸ்க்லிஸ்ட்' இயங்கும் செயலிகளைப் பட்டியலிடும், 'டாஸ்க்கில்' நிறுத்தும். 'எம்எஸ்டிஎஸ்சி' எனத் தட்டினால் ரிமோட் டெஸ்க்டாப் திறக்கும். ஹோம் பதிப்பிலிருந்து மற்றொரு கணினிக்குள் செல்லலாம். ஆனால் ஹோம் பதிப்புக் கணினிக்குள் இம்முறையில் நுழைய இயலாது, அதற்கு ப்ரோ பதிப்பு வேண்டும். மேலும், நாம் நுழைந்ததும் அங்கே அமர்ந்திருக்கும் மாணவரின் திரை பூட்டிக்கொள்ளும். இருவரும் ஒரே திரையைப் பார்க்க வேண்டுமானால் வெயான் போன்ற கட்டற்ற வகுப்பறை மென்பொருளைப் பயன்படுத்தலாம்.

கதவைத் திறந்தால் பூட்டவும் வேண்டும்

தொலை அணுகல் என்பது ஆய்வகத்தின் சாவி. அச்சாவி யார் கையில் இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். மாணவர்களின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் எண் ஆகியவை நம் பள்ளிக் கணினிகள் வழியாகவே பதிவேற்றப்படுகின்றன.

2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பில் 'ப்ளூகீப்' எனப்படும் ஓட்டை வெளிப்பட்டது. கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே நுழைய வழிசெய்யும் அளவுக்கு அது ஆபத்தானது. 2014-லேயே ஆதரவு நிறுத்தப்பட்ட எக்ஸ்பி-க்கும் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது என்றால் அதன் தீவிரம் புரியும். எனவே:

• ஆய்வகத்துக்குள் மட்டும் தொலை அணுகலைப் பயன்படுத்துங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389, எஸ்எஸ்ஹெச்-இன் 22 ஆகிய போர்ட்களை ரௌட்டர் வழியே இணையத்துக்குத் திறந்துவிட வேண்டாம்.

• "வங்கியிலிருந்து பேசுகிறோம்", "அலுவலகத்திலிருந்து பேசுகிறோம்" என்று அழைத்து, ஒரு செயலியை நிறுவி அதில் தோன்றும் எண்ணைச் சொல்லும்படி கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்த எண்ணைச் சொல்வதும் பள்ளிச் சாவியைக் கொடுப்பதும் ஒன்றுதான்.

• நிர்வாகி கடவுச்சொல்லை வாட்ஸ்ஆப் குழுவில் பகிரவோ, திரையின் ஓரத்தில் ஒட்டவோ கூடாது. பொறுப்பாசிரியர் மாறுதலில் சென்றால் அன்றே மாற்ற வேண்டும்.

• 'லாஸ்ட்' என்ற கட்டளை யார், எப்போது உள்ளே வந்தார்கள் எனக் காட்டும். வாரம் ஒருமுறை பாருங்கள்.

• பராமரிப்பு ஒப்பந்தத்தில் உள்ள சேவையகமாயின், தலைமையாசிரியர் மற்றும் பராமரிப்போரின் ஒப்புதலின்றி அமைப்புகளை மாற்ற வேண்டாம். மேற்சொன்னவற்றில் பிங், டிஎஃப், டேட், லாஸ்ட் ஆகியவை பார்க்க மட்டுமே உதவுபவை. இவ்வாறு பயன்படுத்தும்போது எதையும் மாற்றாதவை.

• மாணவரின் திரையை நாம் பார்க்கும் வசதி இருந்தால் அதை மாணவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாணவர்களிடம் கொண்டு செல்வோம்

ஆர்வமுள்ள மாணவர்கள் இருவரை ஆய்வகத் தலைவர்களாக அமர்த்தி, நிர்வாகி உரிமை இல்லாத பயனர் கணக்கைத் தாருங்கள். பாடவேளை தொடங்குமுன் பிங் வரிசையைச் சோதித்துக் குறிப்பேட்டில் எழுதுவது அவர்கள் பணி. "நெட் வரல" என்று மட்டும் சொன்ன மாணவர், "ரௌட்டர் வரைக்கும் பதில் வருது மிஸ், டிஎன்எஸ்தான் பார்க்கணும்" என்று சொல்லத் தொடங்குவார். சிக்கலைப் பகுத்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் கணினிப் பாடத்துக்கு மட்டும் உரியதன்று.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கற்க வேண்டியதில்லை. முதல் வாரம் முகவரிப் பட்டியலும் பிங் வரிசையும் போதும். அடுத்த வாரம் டிஎஃப், டேட். அதன்பின் எஸ்எஸ்ஹெச். உங்கள் ஆய்வகத்தில் "பழுது" என்ற தாளுடன் உறை போட்டு மூடியிருக்கும் கணினியிலிருந்தே தொடங்குங்கள். அதன் தேதியையும் வட்டையும் கேபிளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு கணினி மீண்டாலும் ஒரு மாணவருக்குத் தனி இருக்கை கிடைக்கும்.