கண்ணாடி இல்லாத மூடுபனி

குன்னூரிலும் ஊட்டியிலும் கண்ணாடி போட்டவர்களுக்கு இரண்டு மூடுபனி உண்டு. ஒன்று மலைக்கு வருவது, எல்லோருக்கும் பொது. மற்றது மூக்கின் மேல் வந்து உட்காருவது. வெளிக் குளிரில் சில்லிட்டுப்போன லென்ஸோடு தேயிலைத் தொழிற்சாலைக்குள் நுழைந்தால், உள்ளே இருக்கும் சூடான ஈரக்காற்று அதன்மேல் பட்டதும் நீராகப் படிந்துவிடும். டீக்கடையிலும் அதே கதை. கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனால் கடைக்காரர் மறைந்துவிடுவார். கோவிட் காலத்தில் முகக்கவசம் போட்டபோது சமவெளிக்காரர்கள் இதைப் புதுத் தொல்லையாகப் பேசிக்கொண்டார்கள். மலையில் அது வருடம் முழுவதும் இருந்ததுதான்.

என் அப்பா குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் கணக்குப்பிள்ளை. கிட்டப்பார்வை, மைனஸ் 5க்கு மேல். அந்தக் காலத்து லென்ஸ் உண்மையிலேயே கண்ணாடிதான். ஓரம் தடித்து, மூக்கின் இருபுறமும் குழி விழ வைக்கும் கனம். மழை நாளில் இலை எடை போடும்போது ஒரு கையில் செக்ரோல் பதிவேடு, மறுகையில் கர்சீப். தராசு முள்ளைப் பார்ப்பார், துடைப்பார், மறுபடி பார்ப்பார். தலைச்சுமையோடு வரிசையில் நிற்கும் பெண்களில் ஒருவர் "நல்லா தொடச்சிட்டுப் பாருங்கய்யா, ஒரு கிலோ கொறஞ்சிரப் போகுது" என்பார். அது கேலி மட்டும் அல்ல. முள் எங்கே நிற்கிறது என்பது அவர்களுக்குக் கூலி. இன்று எலக்ட்ரானிக் தராசில் எண் சிவப்பாக ஒளிர்கிறது. அதை இரு தரப்பும் படிக்கலாம். கணக்குப்பிள்ளையின் பார்வை இவ்வளவு பேருடைய கூலியைச் சுமந்த காலம் போய்விட்டது.

கண்ணாடி வாங்குவதே அன்று ஒரு வேலை. ஊட்டியில் டாக்டரைப் பார்க்க ஒரு நாள் லீவு. இருட்டறையில் விளக்குப் பாய்ச்சிப் பார்ப்பார். கனமான சோதனைப் பிரேமில் வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, இது தெளிவா அது தெளிவா என்று கேட்பார். பிள்ளைகளுக்கு அட்ரோபின் சொட்டு போட்டுவிட்டால் கண் பாப்பா விரிந்து, பல நாளுக்குப் புத்தகம் படிக்க முடியாது. லென்ஸ் கோயம்புத்தூரில் தீட்டப்பட்டு பஸ்ஸில் மேலே வர வேண்டும். அதுவரை பழைய பிரேமின் கீலில் நூல் சுற்றிக்கொண்டு காலம் தள்ளுவார்கள். இன்று கணினிக் கருவியில் முகவாயை வைத்தால் சில நொடியில் எண் வந்துவிடுகிறது. பாப்பாவை விரிக்கும் மருந்தின் விளைவும் பெரும்பாலும் அன்று மாலைக்குள் அடங்குகிறது. லென்ஸ் பிளாஸ்டிக், கல்லில் விழுந்தாலும் கீறலோடு தப்பும்.

வாங்குவது எளிதானபோது, வாங்க வேண்டியவர்களும் கூடிப்போனார்கள். தில்லிப் பிள்ளைகளிடம் நடத்தி 2002இல் வெளியான ஆய்வொன்றில் கிட்டப்பார்வை 7.4 விழுக்காடு, 2015இல் வெளியான மற்றோர் ஆய்வில் 13.1. என் வகுப்பில் சோடாபுட்டி என்ற பட்டம் எனக்கு மட்டுமே சொந்தம். அதே பள்ளியில் இன்று வரிசைக்கு ஒன்றிரண்டு கண்ணாடிகள் இருக்கின்றன. பட்டப்பெயர் வழக்கொழிந்துவிட்டது, அது நல்லதுதான்.

கண்ணாடியைக் கழற்றிவிடும் வழியைத் திறந்தவர்களில் ஒருவர் நம்மூர்க்காரர் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. ரங்கசாமி சீனிவாசன் 1929இல் சென்னையில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். ஐ.பி.எம். ஆய்வகத்தில் எக்ஸைமர் என்னும் புற ஊதா லேசரை வைத்து பிளாஸ்டிக் படலங்களில் நுண்ணிய பள்ளங்களைச் செதுக்கிக்கொண்டிருந்தார். 1981 நவம்பரில், நன்றி நவிலும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் லேசரைப் பாய்ச்சினார். சாதாரண லேசர் பட்ட இடம் கருகும். 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள இந்த லேசர் பட்ட இடத்தில் சுத்தமான பள்ளம் விழுந்தது, சுற்றிலும் கருகவில்லை. அந்த ஒளி மூலக்கூறுகளின் பிணைப்பை அறுக்கிறது; அறுந்த துணுக்குகள் வெப்பத்தையும் தம்மோடு எடுத்துக்கொண்டு பறந்துவிடுகின்றன. உடன் பணியாற்றிய ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் இருவருக்கும் இதில் பங்குண்டு. 1983இல் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கெல் அவர்களோடு சேர்ந்து இதைக் கருவிழிப் படலத்தில் செய்துபார்த்தார். ஐ.பி.எம். ஆய்வகத்து மூவருக்கும் 2013இல் அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது.

அதற்கு முன்னால் கத்திதான். 1970களில் ரஷ்யாவில் ஃபியதோரோவ் கருவிழிப் படலத்தில் சக்கரத்தின் ஆரங்களைப் போலக் கீறல்கள் போட்டு அதைத் தட்டையாக்கினார். பார்வை வந்தது, படலம் பலவீனமானது. அந்தச் சிகிச்சை செய்துகொண்ட அமெரிக்க மருத்துவர் பெக் வெதர்ஸ் 1996இல் எவரெஸ்டில் ஏறியபோது, உயரத்தில் காற்று மெலிய மெலியப் படலத்தின் வடிவம் மாறிப் பார்வை போய்விட்டது. மலைக்காரனாகிய நான் இதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கியது உண்டு. எங்கள் ஊட்டி 2,240 மீட்டர்தான், லேசர் முறைகளில் அந்த அளவு மாறுதலும் இல்லை என்று டாக்டர் சொல்லித்தான் நிம்மதி வந்தது.

முதலில் வந்த லேசர் முறையில் மேல்தோலைச் சுரண்டி எடுப்பார்கள். அது வளரும்வரை மூன்று நான்கு நாள் கண்ணில் மணல் அள்ளிப் போட்ட வலி. பின்பு வந்த லேசிக்கில் ஒரு மெல்லிய மடலைத் திறந்து, அடியில் செதுக்கி, மூடிவிடுகிறார்கள். மடலை வெட்டப் பிளேடு இருந்த இடத்துக்கு இப்போது இன்னொரு லேசர் வந்திருக்கிறது. ஸ்மைல் என்ற முறையில் மடலே கிடையாது; சில மில்லிமீட்டர் துளை மட்டும். நான் செய்துகொண்டது லேசிக். எனக்கு மைனஸ் 6. அதற்கு எடுக்க வேண்டிய தடிமன் சுமார் 80 மைக்ரான், ஏறத்தாழ ஒரு தலைமுடி. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள படலத்தில் அவ்வளவு போனால் போதும். இருபது ஆண்டுச் சுமை இறங்கிவிடும். ஒரு கண்ணுக்கு லேசர் ஓடிய நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை.

ஆறுவதுதான் நீளம், அதிலும் மலையில். கோயம்புத்தூரில் மறுநாள் பரிசோதனை முடிந்து மேட்டுப்பாளையம் வழியாக ஏறினேன். கொண்டைஊசி வளைவுகளில் எதிரே வரும் பஸ்ஸின் போர்டு, பஸ் அருகே வருமுன்னே படிக்கக் கிடைத்தது. பஸ் கிடக்கட்டும், எழுத்து தானாக வந்து கண்ணில் விழுகிறதே என்றிருந்தது. வீட்டில் சட்டம் கடுமை: கண்ணில் தண்ணீர் படக்கூடாது, தலைக்குக் குளிக்கக்கூடாது, தேய்க்கவே கூடாது, தூங்கும்போது பிளாஸ்டிக் மூடி. வேளைக்கு வேளை சொட்டு மருந்து. விறகடுப்புப் புகைக்கு அடுத்த வீட்டாரிடம் என்ன சொல்வது? நான்தான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

சமவெளியில் சொல்லாத இன்னொன்றையும் டாக்டர் மலைக்காரன் என்பதற்காகச் சொல்லி அனுப்பினார். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து விழுக்காடு அளவுக்குக் கூடும். ஊட்டியின் குளிர் வெயில் சுடாது, சுடாததால் ஏமாற்றும். எனவே சில மாதம் கறுப்புக் கண்ணாடி. கண்ணாடியைக் கழற்றப் போய் இன்னும் பெரியதாக மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்று தெருவில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நியாயம் இருந்தது.

தை, மாசி வந்தபோதுதான் உண்மையான சோதனை. உறைபனிக் காலத்துக் காற்று வறண்டது. மடலைத் திறக்கும்போது கருவிழிப் படலத்தின் நரம்புகள் அறுபடுகின்றன; கண் காய்ந்திருப்பதை அவைதான் கண்ணீர்ச் சுரப்பிக்குச் சொல்ல வேண்டும். அவை மீண்டும் வளர மாதங்கள் ஆகும். அதுவரை செயற்கைக் கண்ணீர்க் குப்பி சட்டைப் பையில். இரவில் எதிர்வண்டி விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் வேறு. மூடுபனியும் சேர்ந்துகொண்டால் வளைவு எது, வட்டம் எது என்று தெரியாது. அந்தக் குளிர்காலம் முழுக்க இருட்டிய பிறகு வண்டியை எடுக்கவில்லை. பிறகு வட்டங்கள் மெல்லச் சுருங்கின.

கிடைத்தது பெரிது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆடிச் சாரலில் தலை நனைய நடக்கலாம். தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் நின்று துடைக்க வேண்டியதில்லை. நள்ளிரவில் காட்டுமாடு தோட்டத்துக்குள் வந்து நின்றால், தலையணைக்கடியில் துழாவாமல் ஜன்னல் வழியே பார்க்கலாம். ஆனால் கண்ணாடி ஒரு சிறு கதவாகவும் இருந்தது. கவாத்து வெட்டும்போது தெறிக்கும் சிம்பு, சாலைத் தூசி, மாலையில் விளக்கைச் சுற்றும் பூச்சி எல்லாம் அதில் பட்டு நின்றன. இப்போது நேரே வருகின்றன. கழற்றி வைத்தால் உலகம் மங்கும், அத்தோடு பகல் முடிந்தது என்ற வசதியும் போயிற்று. அப்போது பள்ளத்தாக்கில் குன்னூரின் தெருவிளக்குகள் ஒவ்வொன்றும் பெரிய மங்கல் பூவாக விரிந்து ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். இன்று அவை எண்ணக்கூடிய புள்ளிகள். இது இழப்பா என்று கேட்டால் பலர் சிரிப்பார்கள்.

சிரிக்க முடியாத இழப்பு ஒன்று உண்டு. மைனஸ் 6 என்றால் சுமார் 17 சென்டிமீட்டருக்கு அப்பால் மங்கல்; அதற்குள்ளே அபாரத் தெளிவு. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கருகே பிடித்தால் தேயிலைக் கொழுந்தின் மேலிருக்கும் வெள்ளிநிறப் பூனைமயிர்கூடத் தனித்தனியாகத் தெரியும். அப்பா கடைசிவரை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மருந்துச் சீட்டின் பொடி எழுத்தைப் படித்தார். நாற்பதுக்கு மேல் எல்லோரையும் பிடிக்கும் வெள்ளெழுத்து அவரிடம் தோற்றுப்போனது. லேசர் தூரத்தைக் கொடுத்து இந்தக் கிட்டத்தை வாங்கிக்கொள்கிறது. டாக்டர் இதை முன்பே சொல்லிக் கையெழுத்தும் வாங்கியிருந்தார். ஆசைப்பட்டவன் காதில் அது ஏறவில்லை. இன்று என்னிடம் பிளஸ் 1.25இல் ஒரு படிக்கும் கண்ணாடி இருக்கிறது, ஊட்டிக் கடைவீதியில் வாங்கியது.

தேயிலை மலையில் கிட்டம் என்பது வேலை நடக்கும் தூரம். இரண்டு இலை ஒரு மொட்டு என்று பார்த்துக் கிள்ளும் விரல்கள் கையெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய 751 பேரிடம் ஒரு சோதனை நடந்து 2018இல் வெளியானது. பாதிப் பேருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்தார்கள். மற்றவர்களுக்குச் சோதனை முடிந்தபின். கண்ணாடி போட்டவர்கள் பறித்தது நாளுக்கு 25 கிலோவிலிருந்து ஏறத்தாழ 35 ஆயிற்று. போடாதவர்களுக்கும் பருவம் காரணமாக 26 என்பது 31க்கு அருகே வந்தது. பருவத்தைக் கழித்துப் பார்த்தால் கண்ணாடியால் மட்டும் கூடியது 21.7 விழுக்காடு, ஐம்பது தாண்டியவர்களிடம் இன்னும் அதிகம். ஒரு கண்ணாடிக்கு ஆன செலவு பத்து டாலர் சொச்சம்.

நீலகிரியில் பல எஸ்டேட்டுகளில் கத்தரியும் மெஷினும் வந்துவிட்டன. இருந்தாலும் தரமான இலைக்குக் கைதான், அந்தக் கைகளில் பெரும்பாலானவை நாற்பதைத் தாண்டியவை. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலைக்கு இறங்கிவிட்டார்கள். எனக்கு லேசருக்கு ஆன தொகையை அந்தப் பத்து டாலரால் வகுத்துப் பார்த்தேன். ஒரு டிவிஷனில் கொழுந்து பறிக்கும் எல்லோருக்கும் கண்ணாடி வாங்கிய பிறகும் மிச்சம் வருகிறது.