61 டோர்ட்டியாவின் கணக்கு

ஒரு கிலோ காய்ந்த வெள்ளை மக்காச்சோளம், 10 கிராம் சுண்ணாம்பு, 3 லிட்டர் தண்ணீர். மெக்சிகோ வீடுகளில் டோர்ட்டியா என்னும் மெல்லிய மக்காச்சோள ரொட்டி சுடுவதற்கான முதல் இவ்வளவுதான். உப்புகூடக் கட்டாயமில்லை. கோதுமை வாடையே கிடையாது என்பதால், கோதுமைப் புரதமான குளுட்டன் பட்டாலே சிறுகுடலின் உட்சுவர் சிதையும் சீலியாக் நோயாளிகளுக்கு இது இயல்பிலேயே ஒத்துப்போகிற உணவு. உலக மக்களில் சுமார் 1 சதவீதம் பேருக்கு அந்த நோய் உண்டு. அவர்களுக்கென்று தயாராகும் ரொட்டிகள் கடையில் என்ன விலை விற்கின்றன என்று பார்த்தவர்களுக்கு, இந்த மூன்று பொருள்களின் அருமை உடனே விளங்கும்.

முதலில் எடை. ஒரு கிலோ தானியத்தில் சுமார் 120 கிராம் ஈரம். மீதி 880 கிராம்தான் சத்து. சுண்ணாம்பு நீரில் 40 நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு, மூடி, இரவு முழுக்க ஊற வைக்கிறார்கள். காலையில் ஒரு மணியை எடுத்து விரலிடையில் தேய்த்தால் மஞ்சள் கொழகொழப்பாகத் தோல் வழுக்கிக்கொண்டு வரும். அதையே கடித்துப் பார்த்தால் நடுவில் சுண்ணக்கட்டி நிறத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அந்தப் புள்ளி இருக்கிற பதமே சரியான பதம். அது மறைந்துவிட்டால் வேக்காடு கூடிவிட்டது, மாவு பிசுபிசுக்கும். இப்படி ஊறிய தானியத்துக்கு நிக்ஸ்தமால் என்று பெயர்.

கழுவும்போது தோலோடு 70 கிராம் போல நீரில் போய்விடும். எஞ்சும் 810 கிராமைத் தண்ணீர் தெளித்து அரைத்தால் ஏறக்குறைய 1.84 கிலோ மாவு. அதுதான் மாசா. முப்பது கிராம் வீதம் உருட்டினால் 61 உருண்டை. ஒவ்வொன்றையும் அழுத்தித் தட்டையாக்கி, கோமால் என்னும் தட்டைக்கல்லில் சுடும்போது 6 கிராம் ஆவியாகி, 24 கிராமில் வந்து நிற்கிறது. மொத்தம் 1.46 கிலோ. ஒரு கிலோ போட்டு ஒன்றரைக் கிலோ எடுப்பது லாபம்போலத் தோன்றும். கூடிய எடை அத்தனையும் தண்ணீர்.

அந்த 10 கிராம் சுண்ணாம்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். மக்காச்சோளத்தில் குளுட்டன் இல்லை. வெறும் மாவைப் பிசைந்து தட்டினால் ஓரமெல்லாம் வெடித்து உதிர்ந்துவிடும். சுண்ணாம்பு தோலைக் கரைத்து, மாவு ஒட்டிப் பிடிக்க வழிசெய்கிறது. தானியத்துக்குள் பூட்டிக்கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினையும் அதுதான் விடுவிக்கிறது. மக்காச்சோளத்தை வாங்கிக்கொண்டு சுண்ணாம்பு முறையை விட்டுவிட்ட வட இத்தாலியிலும் அமெரிக்கத் தென் மாநிலங்களிலும் ஏழைகளை, நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் தலைமுறை தலைமுறையாக வாட்டியது. சுண்ணாம்புச் சத்தும் கூடுகிறது: 100 கிராம் காய்ந்த மக்காச்சோளத்தில் கால்சியம் 7 மில்லிகிராம் என்றால், 100 கிராம் டோர்ட்டியாவில் சுமார் 80. சத்து உறிஞ்சப்படாமல் எலும்பு தேய்வது சீலியாக் நோயாளிகளுக்கு வழக்கமான தொல்லை. அவர்களுக்கு இந்த வித்தியாசம் சிறிதல்ல.

இனி பணம். 2024 மெக்சிகோ விலையில் கணக்கிடுகிறேன். தானியம் சில்லறையில் கிலோ 10 பேசோ என்று வைத்துக்கொள்வோம். சுண்ணாம்பு கிலோ 20 பேசோ என்றாலும் 10 கிராமுக்கு 20 சென்டாவோ (நூறு சென்டாவோ ஒரு பேசோ). வேகவைக்க 40 நிமிடம், சுட 75 நிமிடம் அடுப்பு எரிந்தால் மூன்றில் ஒரு கிலோ எரிவாயு செலவாகும்; கிலோ 19 பேசோ வீதம் ஆறு பேசோவுக்குச் சற்று மேல். கூட்டினால் சுமார் 16 பேசோ 50 சென்டாவோ. கிலோ டோர்ட்டியாவுக்கு 11 பேசோ 30 சென்டாவோ விழுகிறது. தெருமுனை டோர்ட்டியாக் கடையில் அந்த ஆண்டு கிலோ சுமார் 23 பேசோ. பாதிக்கும் குறைவான செலவில் முடிந்துவிட்டதே என்று மகிழ்வதற்குமுன் இன்னொரு வரியையும் எழுத வேண்டும்.

கழுவி வடிக்க 10 நிமிடம். கை எந்திரத்தில் அரைக்க 25. பிசைய 10. ஒருவரே அழுத்தி ஒவ்வொன்றாகச் சுட 75. ஆக இரண்டு மணி நேரம். அதே 1.46 கிலோவைக் கடையில் வாங்கினால் 33 பேசோ 60 சென்டாவோ. வீட்டில் செய்து மிச்சம் பிடித்தது 17 பேசோ 10 சென்டாவோ, அதாவது மணிக்கு 8 பேசோ 55. வட எல்லைப் பகுதி நீங்கலாக, மெக்சிகோவின் அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 248.93 பேசோ, மணிக்கு 31. கூலியையும் சேர்த்தால் வீட்டு டோர்ட்டியா கிலோ 53 பேசோவுக்கு மேல் போகிறது. மெக்சிகோ நகரவாசிகள் மதிய வேளையில் டோர்ட்டியா சுற்றும் துணியை எடுத்துக்கொண்டு கடை வரிசையில் நிற்பதைச் சோம்பல் என்று யாரும் சொல்ல முடியாது. அவர்கள் கணக்கு சரி.

இந்தக் கூலி வரியை நூற்றாண்டுக் கணக்கில் யாரும் எழுதியதே இல்லை. அப்போது மாவு அரைத்த மெத்தாதே என்பது மூன்று காலில் சாய்ந்து நிற்கும் கல். மண்டியிட்டுத்தான் அரைக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கான மாவுக்குப் பெண்கள் நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் அதன்முன் கழித்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் நிக்ஸ்தமால் அரைக்கும் ஆலைகள் ஊர் ஊராக வந்த பிறகுதான் அந்த நேரம் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. ‘அந்தக் காலத்து ருசி’ என்று பேசுகிறவர்கள் இந்த ஆறு மணி நேரத்தையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் கருத்து.

விலை ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு 2007 ஜனவரி சாட்சி. மக்காச்சோள விலை எகிற, டோர்ட்டியா கிலோ 10 பேசோவைத் தாண்டிய ஊர்கள் உண்டு. ஜனவரி 18 அன்று அதிபர் பெலிப்பே கால்தெரோன் வணிகர்களோடு உடன்பாடு செய்து 8.50 பேசோ என்று உச்சவரம்பு வைத்தார். அது போதாது என்று மாத இறுதியில் பல்லாயிரம் பேர் தலைநகரின் சோக்கலோ சதுக்கத்தில் திரண்டார்கள். நாள் கூலி அப்போது அதிகபட்ச மண்டலத்திலேயே 50.57 பேசோ, உச்சவரம்பு விலையிலும் ஆறு கிலோ தேறாது. 2024இல் ஒரு நாள் கூலிக்கு 10.8 கிலோ. விலை மூன்று மடங்கை நெருங்கியிருந்தாலும் கூலி ஐந்து மடங்காகிவிட்டது.

சீலியாக் நோயாளி உள்ள வீட்டில் மட்டும் கணக்கு புரள்கிறது. ‘குளுட்டன் இல்லை’ என்று சொல்லப் பன்னாட்டு அளவுகோல் கிலோவுக்கு 20 மில்லிகிராம். கோதுமை மாவில் பத்தில் ஒரு பங்கு குளுட்டன் என்று கொண்டால், ஒரு தேக்கரண்டி மாவில், அதாவது 3 கிராமில், 300 மில்லிகிராம். அந்த ஒரு தேக்கரண்டி கலந்தால் 15 கிலோ டோர்ட்டியா வரம்பைத் தொட்டுவிடும். கோதுமை டோர்ட்டியாவும் தயாராகும் கடையில் மேசையிலும் காற்றிலும் அதைவிடக் கூடுதலாகவே பறக்கும். தினம் 50 மில்லிகிராம் குளுட்டன் மூன்று மாதம் உள்ளே போனால் குடல் கெடுவதை ஆய்விலேயே பார்த்திருக்கிறார்கள்.

முழுத் தானியத்தின் பலம் இங்கேதான். ஒரு கோதுமை மணி ஏறக்குறைய 40 மில்லிகிராம். அதில் குளுட்டன் 4. ஒரு கிலோ மக்காச்சோளத்தில் ஏழு கோதுமை மணிகள் கலந்திருந்தால்தான் நம் 1.46 கிலோ வரம்பை எட்டும். ஏழு மணிகளை முறத்தில் கண்ணால் பார்த்துப் பொறுக்கி எறிந்துவிடலாம். மாவாகிவிட்ட பிறகு எந்தக் கண்ணாலும் முடியாது.

பொட்டல மாசா மாவு இடைவழி. 1949இல் நுவோ லியோன் மாநிலத்தின் செரால்வோ ஊரில் தொடங்கிய குருமா நிறுவனம்தான் அதைப் பெருந்தொழிலாக்கியது. ஒரு கிலோ மாவுக்கு 1.3 லிட்டர் வெந்நீர் விட்டால் 76 உருண்டை வரும். அரைப்பதும் ஊறவைப்பதும் மிச்சம். மணம் ஒரு மாற்றுக் குறைவு. குளுட்டன் இல்லை என்ற முத்திரை பொட்டலத்தின்மேல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

நம் ஊரில் செய்ய நினைப்பவர்களுக்கு மூன்று குறிப்புகள். கடையில் கார்ன் ஃப்ளார் என்று கிடைப்பது வெறும் மாச்சத்து. அதில் டோர்ட்டியா வராது. சுண்ணாம்பு உண்ணத் தகுந்ததாக இருக்க வேண்டும், வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு கூடவே கூடாது. நம் கிரைண்டரில் நிக்ஸ்தமால் அரைபடும், ஆனால் அதிகத் தண்ணீர் கேட்கும். தளர்ந்த மாவை மாசா மாவு சேர்த்து இறுக்கிக்கொள்ளலாம். தென்னிந்தியாவில் சீலியாக் நோய் ஆயிரத்தில் ஒருவருக்கு. வடக்கே நூற்றில் ஒருவருக்கும் மேல்.

நோய் இல்லாத வீடு கடையில் வாங்கிக்கொள்ளட்டும். நோயுள்ள வீட்டில் தனிக் கல், தனி எந்திரம், தனித் துணி ஆகியவற்றுக்கு ஒருமுறை செலவழித்து, முழுத் தானியத்திலிருந்து தொடங்குவதே என் பரிந்துரை. அந்த இரண்டு மணி நேரத்தை ஒரே ஆள் தலையில் ஏற்றாதீர்கள். ஒருவர் உருட்ட, ஒருவர் அழுத்த, இன்னொருவர் பெரிய கல்லில் மூன்று மூன்றாகச் சுட்டால் 61 டோர்ட்டியாவும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.