கழுதையின் சாட்சியம்

சென்ற தை மாதத்தில் பேசாலையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தேன். மணமகன் எங்கள் உறவினன். விருந்து முடிந்து, வெற்றிலைத் தட்டம் ஒரு சுற்று வந்து, கடற்காற்று பந்தலை மெல்ல அசைத்துக்கொண்டிருந்த நேரம். ஒலிபெருக்கிக்குப் பொறுப்பாயிருந்த பையன் தன் கைத்தொலைபேசியிலிருந்து பைலாப் பாட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக விட்டுக்கொண்டிருந்தான். எனக்குப் பக்கத்து நாற்காலியில் அக்கா இருந்தார். எண்பது கடந்தவர், செவி சற்று மந்தம். திடீரென்று என் முழங்கையைப் பற்றினார்.

“தம்பி, இது அத்தான்ர குரலடா!”

நான் உற்றுக் கேட்டேன். கிட்டார் ஒன்று, சிறிய மின்சார ஓர்கன் ஒன்று, அந்த ஓர்கனே தன்பாட்டில் தட்டும் இயந்திரத் தாளம், அவற்றின்மேல், மூக்கால் சற்றே இழுத்துப் பாடும் ஓர் ஆண்குரல். ஐயமில்லை, அத்தான்தான். அவர் இறந்தது 1996இல். எழுந்து போய்ப் பையனிடம், “இது ஆருடைய பாட்டு, தம்பி?” என்று கேட்டேன். அவன் திரையை என் முகத்துக்கு நேரே நீட்டினான். ஆங்கில எழுத்தில் ‘சிலோன் மனோகர்’ என்றிருந்தது.

“சிலோன் மனோகர்ர பாட்டு, ஐயா. போட்டிருக்குதுதானே?”

அதற்குமேல் அவனோடு வழக்காட எனக்கு மனம் வரவில்லை. ‘போட்டிருக்கிறது’ என்ற சொல்லுக்கு முன்னால் எந்தச் சாட்சிதான் நிற்கும்?

அத்தான் தலைமன்னார்த் துறையில் கணக்கெழுதும் வேலை பார்த்தவர். இராமேசுவரக் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. மாலையில் கிட்டாரும் கையுமாக இருப்பார். குவைத்துக்குப் போன ஒரு சிநேகிதர் அவருக்குக் கசியோ ஓர்கன் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். 1983ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தாமே கட்டிய ஆறு பாட்டுகளை வீட்டு விறாந்தையில் வைத்து ஒரு கசெற்றில் பதிவு செய்தார். உறையின்மேல் தம் கையெழுத்திலே பாட்டுகளின் பெயரும் தம் பெயரும் எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் பிரதி எடுத்துக் கொடுத்தார். 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது குடும்பம் வள்ளத்தில் ஏறி மண்டபம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது. கசெற் போன இடம் தெரியாது. அத்தானும் இந்தியாவிலேயே காலமானார். அக்கா ஊர் திரும்பியபோது அவரிடம் இருந்தது ஒரு புகைப்படம் மட்டுமே. இப்போது இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து, கலியாணப் பந்தலில், வேறொருவர் பெயரைத் தரித்துக்கொண்டு அந்தக் குரல் வந்து நின்றது.

பிறர் பெயரைச் சூட்டும் பழக்கம் எங்கள் தீவுக்குப் புதிதன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மன்னாரில் நீளமான இரண்டு கல்லறைகளைக் காட்டி, ஆதாம் ஏவாள் உறங்குமிடம் என்கிறோம். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தை அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டனர் என்கிறோம். மரத்தின் தாயகம் ஆபிரிக்கா என்பது உறுதி, நட்ட கையைக் கண்டவர் எவருமில்லை. தமிழிலக்கியமோ இவ்விஷயத்தில் நமக்கெல்லாம் மூத்தது. எத்தனையோ நூற்றாண்டுகளில் எத்தனையோ வைத்தியர்கள் எழுதி வைத்தவற்றை அகத்தியர் தலையில் ஏற்றிவிட்டோம். பல காலத்து ஔவையார்களை ஒரே பாட்டியாக்கி, கையில் கோலையும் கொடுத்துவிட்டோம். பெரிய பெயர் சிறிய பெயரை விழுங்குவது கடலிலும் உண்டு, ஏட்டிலும் உண்டு.

ஆனால் இதற்கு மாறான ஒரு நேர்மையும் நம் முன்னோரிடம் இருந்தது. குறுந்தொகையைத் தொகுத்தவர்கள், பாடியவர் பெயர் கிடைக்காத இடத்தில், அந்தப் பாட்டைக் கபிலர் கணக்கில் எழுதிவிடவில்லை. பாட்டிலுள்ள ஒரு சொற்றொடரையே எடுத்துப் புலவருக்குப் பெயராக்கினார்கள். செம்மண்ணில் பெய்த மழைநீரை உவமை சொன்னவர் செம்புலப்பெயனீரார் ஆனார். தெரியாததை இத்தனை அழகாகச் சொன்ன பதிப்பாசிரியர்கள் உலகில் வேறெங்கேனும் உண்டோ? பின்வந்த சங்கீத வித்துவான்கள் இன்னும் எச்சரிக்கையானவர்கள். முத்துசுவாமி தீட்சிதர் தம் கிருதிக்குள்ளேயே ‘குருகுஹ’ என்ற முத்திரையை வைத்துப் பாடினார். ஓலை தொலைந்தாலும் பெயர் தொலையாது.

என் இளமையில் அந்த முத்திரையின் வேலையை வானொலி செய்தது. மன்னார்க் கரையில் இருப்பவனுக்கு இரண்டு நாட்டு ஒலியும் சொந்தம். முள்ளைச் சற்றே திருப்பினால் திருச்சி, மறுபடி திருப்பினால் கொழும்பு. இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் ஒரு பாட்டை ஒலிபரப்புமுன் படம், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர்கள் என்று வரிசையாகச் சொல்வார்கள். அந்த அரை நிமிஷத்தைப் பலர் பொறுமையின்றிக் கடந்தார்கள். அது எத்தனை பெரிய தருமம் என்பது இன்றுதான் எனக்கு விளங்குகிறது.

பிறகு கசெற் வந்தது. உறை கிழிந்தால் பெயர் போயிற்று. ஆயினும் கையெழுத்து ஒன்றாவது இருந்தது. பெருநிலப்பரப்பில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சக்கரத்தைக் கையால் சுழற்றி, டைனமோவின் தயவில் பாட்டுக் கேட்ட இளைஞர்களை நான் அறிவேன். அவர்களிடம் போய் இசையமைப்பாளர் யாரென்று விசாரிப்பது நியாயமாகாது. அதன்பின் இறுவட்டு வந்தது; ஒரே தட்டில் நூற்றைம்பது பாட்டுகள். தொலைபேசிக் கடைகளில் சின்னஞ்சிறு அட்டையில் பாட்டு ஏற்றிக் கொடுத்தார்கள். இப்போது விரல் நுனியால் தட்டினால் பேசாலையிலிருந்து பாரிசுக்குப் போய்விடுகிறது.

அந்தக் கோப்புக்குள் பெயர் எப்படி இருக்கிறது என்று என் பெறாமகளிடம் கேட்டேன். அவள் கணினி படித்தவள். அவள் சொன்னதைக் கேட்டு நான் திகைத்துப் போனேன். எம்.பி.3 கோப்பின் வாலில் பெயர்ச்சீட்டு ஒட்டும் முறையை 1996இல் எரிக் கெம்ப் என்பவர் வகுத்தாராம். சீட்டின் மொத்த இடம் 128 பைட்டு. பாட்டின் பெயருக்கு 30, கலைஞர் பெயருக்கு 30, தொகுப்பின் பெயருக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, இசைவகைக்கு ஒன்று. கூட்டிப் பார்த்தால் மூன்று குறையும். அது சீட்டின் அடையாளச் சொல்லுக்கு. இசையமைத்தவருக்கென்று இடமில்லை, பாட்டு எழுதியவருக்கும் இல்லை. கண்ணதாசன் இந்தச் சீட்டில் எங்கே உட்காருவார்? பின்னால் வந்த முறைகளில் இடம் விசாலமாயிற்று. ஆனால் நிரப்பியவர் சிலர். மேலும் இந்தச் சீட்டை எவரும் திருத்தலாம். திருத்தியவர் யாரென்ற சுவடே இராது.

இவ்வாறு ஒரு பிழை ஏன் பெருகுகிறது, சரியானது ஏன் பெருகுவதில்லை? 1999இல் அமெரிக்காவில் நாப்ஸ்டர் என்ற கோப்புப் பரிமாற்றம் தொடங்கி, வழக்குகளால் 2001இல் நின்றது. அங்கே பாட்டைத் தேடும் வழி பெயர்தான். புகழ்பெற்ற பெயரைத்தான் ஆயிரம் பேர் தேடுவார்கள். ஆகவே புகழ்பெற்ற பெயர் ஒட்டிய பிரதி ஆயிரம் வீடுகளுக்குப் போகும். உண்மைப் பெயர் ஒட்டிய பிரதி போட்ட இடத்திலேயே கிடக்கும். ‘டோன்ட் வொரி, பி ஹாப்பி’ என்ற பாட்டு பாபி மெக்ஃபெரின் 1988இல் பாடியது. அதைப் பாப் மார்லியின் பாட்டென்று உலகம் முழுதும் இன்றும் நம்புவோர் உண்டு. மார்லி 1981இலேயே இறந்துவிட்டார்!

மின்னணு இசையில் இக்குழப்பம் இன்னும் அதிகம். அதற்குக் காரணமும் உண்டு: அங்கே குரல் இல்லை, முகம் காட்டாத சங்கீதம் அது. ‘பாப்கார்ன்’ என்ற துள்ளல் மெட்டைக் கேட்டிருப்பீர்கள். 1969இல் கெர்ஷோன் கிங்ஸ்லி மூக் கருவியில் அமைத்தது. 1972இல் ஹாட் பட்டர் என்ற குழு வாசித்து உலகறியச் செய்தது. கோப்புகளிலோ அது ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவின் பெயரில் உலவியது. பிரெஞ்சுக்காரர் ஜான் மிஷேல் ஜாரின் பெயரிலும் உலவியது. ஜார் அதை ஒருமுறை புனைபெயரில் பதிவு செய்தவர் என்பதால் அது பாதிப் பொய்; கிராஃப்ட்வெர்க் என்பது முழுப் பொய். 2019இல் தம் தொண்ணூற்றேழாம் வயதில் கிங்ஸ்லி மறைந்தார்.

தமிழ்த் திரையிசையில் கிராஃப்ட்வெர்க்கின் இடத்தில் இருப்பவர் இளையராஜா. எண்பதுகளில் வந்த நல்ல பாட்டு எதுவாயினும் அவருடையது என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. ‘ஒருதலை ராகம்’ டி. ராஜேந்தரின் உழைப்பு, ‘ஊமை விழிகள்’ மனோஜ் – கியான் இரட்டையருடையது, இவற்றையும் இராஜாவின் தொகுப்புகளில் நானே கண்டிருக்கிறேன். இதனால் அவருக்கு ஒரு மாற்றுக் கூடிவிடப் போவதில்லை. சங்கர் – கணேஷ், சந்திரபோஸ் போன்றவர்களுக்கோ இருப்பதே கொஞ்சம்; அதிலும் பிடுங்கினால் எப்படி?

நம் ஈழத்துப் பொப்பிசைக்கு வருவோம். ‘சின்ன மாமியே’ பாட்டை அறியாத தமிழர் இல்லை. அதைக் கட்டிப் பாடியவர் யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினம். அறுபதுகளின் பிற்பகுதியில் பொப்பிசையைத் தொடங்கிவைத்தவர்களுள் முதன்மையானவர். தமிழகத்தில் அந்தப் பாட்டைச் சிலோன் மனோகர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். காரணம் எளிது. ஏ. ஈ. மனோகரன் சென்னைக்குப் போனார், திரைப்படங்களில் தோன்றினார், கடலிலிருந்து மீன் கொண்டுவந்ததைச் சொல்லும் ‘சுராங்கனி’யைப் பட்டிதொட்டியெல்லாம் பரப்பினார். 1977இல் அது தமிழ்ப் படத்திலும் ஏறியது. 2018 சனவரியில் அவர் சென்னையில் காலமானார். இலங்கைப் பைலா என்றால் அக்கரையில் அவர் ஒருவரே என்றாகிவிட்டது. பிறர் பாட்டுக்கெல்லாம் அவர் பெயர் ஒட்டியதற்கு அவர் பொறுப்பல்லர்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைத்தவனுக்குத் தன் பெயர் தன் படைப்பில் இருக்க வேண்டுமெனக் கேட்கும் உரிமையைத் தருகிறது. பதிப்புரிமையோ இறந்தபின் எழுபது ஆண்டு நிற்கும். அத்தான் கணக்கில் அது 2066 வரை. ஆனால் யார்மேல் வழக்குப் போடுவது? பந்தலில் பாட்டு விட்ட பையன்மேலா? அவன் அன்று ஒலிபெருக்கியை அக்காவின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அதே பாட்டை நான்கு முறை விட்டான்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. அத்தானின் பெயர் அதில் இருந்திருந்தால் அந்தப் பாட்டு பிழைத்திருக்குமா? தலைமன்னார்த் துறைக் கணக்கர் ஒருவரின் கசெற்றை, முப்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகளாக, யுத்தத்தையும் முகாமையும் கடந்து, நாடாவிலிருந்து இறுவட்டுக்கும் இறுவட்டிலிருந்து அட்டைக்கும் எவர் பிரதி எடுத்திருப்பார்? எங்கோ ஒருவர், உறை கிழிந்த கசெற்றைப் போட்டுக் கேட்டு, ‘மனோகர் போலிருக்கிறதே’ என்று எண்ணி, எழுதிவைத்தார். அந்தப் பொய்தான் ஐந்து பாட்டுகள் அழிந்த இடத்தில் ஒன்றைக் காப்பாற்றியது. அந்த முகமறியாத மனிதரிடம் கோபிப்பதா, அவருக்கு நன்றி சொல்வதா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகவில்லை.

எங்கள் பக்கத்துச் சாட்சியத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். மன்னாரின் கழுதைகளை வாசகர் அறிவர். வீதியெல்லாம் அவற்றின் இராச்சியம். அன்று விறாந்தையில் பதிவு நடந்தபோது, இரண்டாம் சரணத்தின் நடுவே, வேலிக்கு வெளியே நின்ற கழுதை ஒன்று உரத்த குரலில் கத்தியது. அத்தான் சிரித்துவிட்டார், நிறுத்தாமல் பாடி முடித்தார். மறுபடி பதிவு செய்ய அக்கா சொன்னாராம். “அதுவும் எங்கட ஊர்ச் சங்கீதம்தானே” என்று விட்டுவிட்டாராம். கலியாண வீட்டில் அந்த இடம் வந்ததும் அக்கா விரலை உயர்த்தினார். கழுதை கத்தியது, அத்தான் சிரித்தார். சென்னை ஒலிப்பதிவுக்கூடத்தில் கழுதைக்கு இடமேது?

வீட்டுக்கு வந்து பெறாமகளை உட்கார்த்தி, சீட்டைத் திருத்தச் சொன்னோம். அத்தானின் முழுப்பெயரை எழுதினோம். ஊரையும் ஆண்டையும் எழுதினோம். இந்தக் கட்டுரையிலும் அவர் பெயரை எழுதவே எண்ணியிருந்தேன். அக்கா தடுத்தார்.

“பேப்பரில வேண்டாம் தம்பி. பாட்டில இருந்தாக் காணும்.”

திருத்திய பிரதியை உறவினருக்கெல்லாம் அனுப்பினோம். மூன்று வாரங்கள் சென்றன. கனடாவிலிருக்கும் ஒரு மருமகன், “மாமா, அருமையான பழைய பைலா ஒன்று கிடைத்தது, கேளுங்கள்” என்று எழுதி, ஒரு கோப்பை அனுப்பியிருந்தான். திறந்து பார்த்தேன். ‘சிலோன் மனோகர்’ என்றே இருந்தது.

அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்தார்.

“கழுதை கத்துறது இருக்கா, பார்.”

போட்டுப் பார்த்தேன். இருந்தது.