துப்பாக்கிக் குழலும் கொல்லனின் பொறுப்பும்

டில்லியிலும் ஜெய்ப்பூரிலும் ஹைதராபாத்திலும் வாழும் நம்மவர் பலர், அந்நகரங்களின் பொருட்காட்சிச்சாலைகளில் பழைய துப்பாக்கிகளைக் கண்டிருப்பர். அவற்றின் பொன்வேலையும் தந்தவேலையும் நம் கண்ணைக் கவர்கின்றன. ஆயினும், அவற்றை ஏந்திச் சுட்டவனுக்கு இன்றியமையாததாக இருந்தது அவ்வேலைப்பாடு அன்று, குழலின் உறுதியே. குழல் வெடித்தால் முதலில் வீழ்பவன் பகைவன் அல்லன். அதனை முகத்தருகே வைத்துக் குறி பார்த்தவனே. ஆகவே, குழலைச் செய்த கொல்லனின் கையில் ஓர் உயிர் அடங்கியிருந்தது.

இத்துப்பாக்கிகளில் மருந்தையும் ஈயக் குண்டையும் குழலின் வாய் வழியே இட்டு, கோலால் இடித்து இறுக்குவர். மருந்து பற்றியதும் எழும் வாயு எல்லாப் பக்கங்களிலும் முட்டுகின்றது. அதன் அழுத்தம் அடிப்பாகத்தில் மிகுதி. அதனால்தான் குழல் அடியில் பருத்தும் வாயை நோக்கி மெலிந்தும் இருக்கின்றது. மேலும், குழலை நீளவாட்டில் பிளக்க முயலும் விசை, அதனைக் குறுக்கே துண்டிக்க முயலும் விசையைப் போல் இருமடங்குக்குக் குறையாதது.

இனி, அக்காலத்து இரும்பின் இயல்பைப் பார்ப்போம். உலையில் காய்ச்சி அடித்த தேனிரும்பு ஒருவகையில் மரத்தைப் போன்றது. அதனுள் எஞ்சிய கசடு நார் நாராக ஓடும். நாரின் போக்கில் இழுத்தால் இரும்பு தாங்கும். அதற்குக் குறுக்கே இழுத்தால் எளிதில் விட்டுவிடும். தகட்டை நீளவாட்டில் சுருட்டி, இரு விளிம்புகளையும் பொருத்தி ஒட்டினால், நார், ஒட்டு ஆகிய இரண்டும் மிகுந்த விசையைத் தாங்க இயலாத திசையிலேயே அமைந்துவிடுகின்றன.

இம்முறையில் செய்த குழல்களால் விபத்துக்கள் பல நேர்ந்தன என்று, 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் பஸல் எழுதிய ‘ஆயினே அக்பரி’ கூறுகின்றது. அக்பரின் தொழிற்சாலையில் கையாண்ட புதிய முறையையும் அந்நூல் விவரிக்கின்றது. தகட்டைச் சாய்வாகச் சுற்றி, ஒரு சுற்றின் விளிம்பு அடுத்ததன் மேல் படியுமாறு செய்து, சிறிது சிறிதாகக் காய்ச்சி இணைத்தனர். முன்பு கால் பங்குக்கு மேல் மருந்திட இயலாதிருந்தது என்றும், புதிய குழல்களை வாய்வரை நிரப்பிச் சுட்டாலும் வெடிக்கவில்லை என்றும் அபுல் பஸல் எழுதுகிறார். காரணம் விளங்கும். சாய்வான சுற்றில் நார் குழலை வளைத்து ஓடுகின்றது. பிளக்கும் விசை ஒட்டின் மேல் நேராகத் தாக்குவதில்லை.

இங்கு ஓர் ஐயம் எழலாம். சேலம் வட்டாரத்துக் கொல்லர் மூசையில் உருக்கிய எஃகு பெரும்புகழ் பெற்றதாயிற்றே. அதனைக் கொண்டே குழல் செய்தால் என்ன? அவ்வெஃகில் கரி மிகுதி. வாளின் கூர்மைக்கு அது வரம்; உலையில் ஒட்டவைப்பதற்கோ அது இடையூறு. திடீர் அதிர்ச்சியில் கடினமான உலோகம் முறியும். குழலுக்கு வேண்டியது முறியாது நெகிழ்ந்து தாங்கும் தன்மை. கடினம் வேறு, உறுதி வேறு.

குழலின் உட்புறத்தில் சுருளான வரிப்பள்ளங்களை வெட்டி ரைபிள் செய்தபோது பொறுப்பு மேலும் கூடியது. பள்ளங்களினால் குண்டு பம்பரம் போல் சுழன்று நேராகச் செல்லும். ஆனால், குண்டு இறுக்கமாகச் செல்வதால் அழுத்தம் மிகும். பள்ளம் வெட்டிய இடத்தில் சுவரும் மெலியும். 1857-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளால் நாமறிந்த என்பீல்டு ரைபிள் இவ்வகையினது. அதில் 3 பள்ளங்கள். அவை 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்னும் கணக்கில் வளைந்து சென்றன.

ஒட்டின் குறையைக் கண் காணாது. மெருகு அதனை மறைத்துவிடும். ஆகையால், வழக்கத்தினும் மிகுதியாக மருந்திட்டுச் சுட்டுப் பார்த்தே குழலுக்கு முத்திரையிடும் வழக்கம் தோன்றியது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரின் சோதனைச்சாலை 1813-இல் சட்டத்தால் நிறுவப்பெற்றது. அக்பரின் குழல்கள் பலவற்றில் இரும்பின் எடை, அது கிடைத்த இடம், செய்த கொல்லனின் பெயர், செய்த காலம் ஆகியவை பொறிக்கப்பெற்றன. குற்றம் நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பதற்கு அக்குழலே சாட்சி.

1856-இல் பெஸ்ஸமர் தம் முறையை வெளியிட்டபின் உருக்கிய எஃகு மலிவாயிற்று. கசடும் ஒட்டும் இல்லாத ஒரே கட்டியைத் துளைத்துக் குழலாக்கும் வழக்கம் காலப்போக்கில் பரவியது. சுற்றி ஒட்டிய குழல்கள் காட்சிப் பொருள்களாயின. குடும்பத்தில் எங்கேனும் அத்தகைய குழல் எஞ்சியிருப்பின், அதன் பளபளப்பை நம்பி மருந்திடுதல் ஆகாது. ஒட்டுக்களின் ஊடே துரு எவ்வளவு புகுந்துள்ளது என்பதை வெளித்தோற்றம் காட்டாது.

அடுத்த முறை பொருட்காட்சிச்சாலைக்குச் செல்லும்போது பொன்வேலையைச் சற்று மறந்து, குழலின் அடிப்பாகத்தை உற்று நோக்குங்கள். அங்கு ஒரு கொல்லனின் பெயர் இருக்கலாம். அது விளம்பரம் அன்று. தன் வேலைக்குத் தானே பிணை நின்றவனின் கையொப்பம்.