பிறப்பும் பிறப்பிடமும்

கொழும்பு மாநகரிலே ‘தோட்டம்’ என்னுஞ் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. மலைநாட்டிலிருந்து வந்தோருக்கு அது தேயிலை வளரும் இடம். கொட்டாஞ்சேனை வாசிகளுக்கோ, பல குடும்பங்கள் ஒரு பொதுக் குழாயையும் சில மலசலகூடங்களையும் பங்கிட்டு வாழும் நெருக்கமான குடியிருப்பு. துறைமுகத் தொழில் பெருகியபோது பழைய மாளிகைகளின் தோட்ட நிலங்களில் எழுந்த சிற்றறைகள் பல. மரங்கள் போயின, பெயர் மாத்திரம் நின்றது. இவ்விருவகைத் தோட்டங்களிலும் பிறக்குங் குழந்தையின் நிலையை ஆராய்வோர், வாழிடத்தின் வலிமையை நன்கு உணர்வர்.

கருவிலுள்ள சிசு தாயின் உடல் வழியாகவே சுற்றாடலை அறிகின்றது. அசுத்த மண்ணிலிருந்து தொற்றுங் கொளுக்கிப்புழு தாயின் இரத்தத்தைக் குறைக்கும். காற்றோட்டமற்ற அறையின் விறகுப் புகை பிராணவாயுவைக் குறைக்கும். மலேரியா நஞ்சுக்கொடியைத் தாக்கும். இவற்றின் விளைவு, 2,500 கிராமுக்குக் குறைந்த பிறப்பு நிறையாகும். தாயின் குட்டையான உடலும் இதற்கு ஒரு காரணமே. ஆயின் அக்குறை பெரும்பாலும் அவள் சிறுமியாயிருந்தகாலை உணவின்றி வளர்ந்தமையால் நேர்ந்தது. ஒரு தலைமுறையின் பட்டினி அடுத்த தலைமுறையின் நிறையிற் புலப்படுகின்றது.

கொழும்பிலே சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையால் 1879இல் மகப்பேற்று மனை திறக்கப்பட்டது. 1926இல் களுத்துறையிற் தொடங்கிய சுகாதாரப் பகுதித் திட்டம் மருத்துவிச்சியை வீடுகளுக்கே அனுப்பிற்று. மலேரியாக் கொள்ளைநோய் பரவிய 1935இல், உயிருடன் பிறந்த ஆயிரங் குழந்தைகளில் 263 பேர் ஓராண்டு நிறையுமுன் இறந்தனர். 1946இல் 141 ஆகவிருந்த இவ்வெண் 1947இல் 101 ஆகக் குறைந்தது. பெருஞ் சாதனை ஐயமில்லை.

எனினும் அதன் பயன் லயன் அறைகளைத் தாமதமாகவே சென்றடைந்தது. தோட்ட மருத்துவம் நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலிருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்கில்லாதோர் வைத்தியசாலை கேட்பது எங்ஙனம்? உணவுப் பஞ்சம் நிலவிய 1974இல் நாட்டின் சிசு மரண வீதம் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 51 ஆக, தோட்டங்களில் அது நூற்றைக் கடந்தது. பிற்காலத்தில் மரண இடைவெளி பெரிதும் சுருங்கியபோதும் நிறை இடைவெளி நீங்கவில்லை. 2006–07ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டிலே தோட்டக் குழந்தைகளில் ஏறக்குறைய மூவருள் ஒருவரும், நாடு முழுவதிலும் ஏறக்குறைய அறுவருள் ஒருவரும் நிறை குறைந்தோராய்க் காணப்பட்டனர்.

இதனை இனத்தின் இயல்பெனக் கூறுவாரும் உளர். வெள்ளவத்தைத் தமிழ்த் தாயும் நுவரெலியா லயத்துத் தமிழ்த் தாயும் பேசும் மொழி ஒன்றே. வீடும் உணவும் வேலையும் ஒன்றல்ல. அமெரிக்காவிலும் இவ்வாதம் எழுந்தது. இலினோய் மாநிலத்துப் பிறப்புகளை ஆராய்ந்து 1997இல் வெளியான ஆய்வொன்று, ஆபிரிக்காவிற் பிறந்து அங்கே குடியேறிய கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகள், அமெரிக்காவிலேயே பிறந்த கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகளிலும் நிறை மிகுந்து, வெள்ளையர் குழந்தைகளின் நிறையை அணுகினர் என்று காட்டியது. குருதியே காரணமாயின் முடிவு மறுதலையாயிருத்தல் வேண்டும்.