நல்லா இருந்த ரோடு திடீர்னு உள்வாங்குவது ஏன்? பாதாள சாக்கடைக்குள் நடப்பது இதுதான்!

நேற்று வரை நன்றாக இருந்த சாலையில் இன்று திடீர் பள்ளம். பல நேரங்களில் காரணம், அடியில் செல்லும் பாதாள சாக்கடைதான்.

குழாய் உடைவது எப்படி?

கழிவுநீர் தேங்கினால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உருவாகும். அழுகிய முட்டை நாற்றம் வருவது இதனால்தான். குழாயின் மேற்பகுதியில் உள்ள பாக்டீரியாக்கள் இதை கந்தக அமிலமாக மாற்ற, கான்கிரீட் அரிக்கும். விரிசல் வழியாக மண் உள்ளே சரிய, ரோடு உள்வாங்கும்.

இறங்கினால் ஆபத்து

இந்த வாயு ஆளையும் கொல்லும். 2022 ஏப்ரலில் மதுரை நேரு நகர் கழிவுநீரேற்று நிலையத்தில் மோட்டாரை சரிசெய்யப் போன 3 தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி உயிரிழந்தனர். பாதுகாப்பு உபகரணம் இல்லாமல் சாக்கடையை சுத்தம் செய்ய ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டு சட்டப்படி குற்றம். சாக்கடையில் இறப்போரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

தோண்டாமல் சரிசெய்யலாமா?

செய்யலாம். கேமரா அனுப்பி விரிசலைக் கண்டுபிடித்து, குழாயை இயந்திரத்தால் சுத்தம் செய்வார்கள். பிறகு பிசினில் ஊறிய துணிக்குழாயை உள்ளே செலுத்தி, வெந்நீர் அல்லது நீராவியால் இறுக வைப்பார்கள். பழைய குழாய்க்குள் புதுக் குழாய் ரெடி! 1971-ல் லண்டனில் தொடங்கிய முறை இது.

ஆனால், முழுசா இடிந்துபோன குழாயை தோண்டித்தான் மாற்ற வேண்டும். அதனால் மேன்ஹோல் மூடியைச் சுற்றி ரோடு இறங்கினாலே உள்ளாட்சி அலுவலகத்தில் சொல்லிவிடுவது நல்லது.