எங்கள் ஊர்மேல் விழுந்த நிழல்

கோயம்புத்தூருக்கு வடகிழக்கே அவினாசி என்றோர் ஊர் உண்டு. நான் பிறந்து வளர்ந்த ஊர் அது. அதன் பெரிய கோயிலையும் தேரையும் நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஊராரிலேயே பலர் அறியாத இன்னொரு பெருமையும் அதற்கு உண்டு. 1871 ஆம் ஆண்டு டிசம்பர் 12 ஆம் நாள் காலை, சந்திரனுடைய கருநிழல் எங்கள் ஊரைக் கடந்து சென்றது. அதனைக் காண்பதற்கென்றே சென்னை வானாய்வுக்கூடத்தின் தலைவர் நார்மன் போக்சன் கருவிகளுடன் அவினாசிக்கு வந்திருந்தார்.

இச்செய்தி எனக்குத் தெரியவந்தது மிகவும் பிந்தியே. அதற்கு முன்பே கிரகணத்தோடு எனக்கு ஒரு வழக்கு இருந்தது. 1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை. எனக்கு அப்போது எட்டு வயது. பிற்பகலில் சூரிய கிரகணம் என்று கூறி, அப்பத்தா என்னை வீட்டினுள் அடைத்துக் கதவையும் சன்னல்களையும் சாத்திவிட்டார். பித்தளைத் தாம்பாளத்தில் நீர் ஊற்றி, அதன் நடுவே உலக்கையை நிறுத்தினார். உலக்கை நின்றது. கிரகணம் விடும்வரை அது விழாது என்றார். (மறுவாரம் ஒரு சாதாரண நாளில் நானே நிறுத்திப் பார்த்தேன், அன்றும் நின்றது. அடிப்பாகம் தட்டையான உலக்கை எந்நாளும் நிற்கும்.) அந்த இருளில், கூரை ஓட்டின் சிறு துளை வழியாக ஓர் ஒளிப்பொட்டு தரையில் விழுந்தது. அது வழக்கம்போல் வட்டமாக இல்லை, பிறைபோல் வளைந்திருந்தது. அடைத்த வீட்டுக்குள்ளும் சூரியனின் உருவம் வந்துவிட்டது என்பதை அன்று நான் உணரவில்லை. பிறை மட்டும் மனத்தில் தங்கிவிட்டது.

அன்று அவினாசியில் நிகழ்ந்தது பகுதிக் கிரகணம். முழுக் கிரகணத்தின் பாதையோ கார்வார் அருகே கரையேறி, ஐதராபாத்தை ஒட்டிச் சென்று, ஒரிசாவின் பூரி வழியாகக் கடலில் இறங்கியது. ஒரே நாளில், ஒரே நாட்டில், ஓர் ஊருக்கு இருளும் மற்றோர் ஊருக்குப் பிறையும் வாய்ப்பது ஏன்?

சூரியன் சந்திரனைவிட விட்டத்தில் ஏறக்குறைய 400 மடங்கு பெரியது. தொலைவிலும் ஏறக்குறைய 400 மடங்கு அப்பாற்பட்டது. ஆகவே நம் கண்ணுக்கு இரண்டும் ஒத்த அளவினவாகத் தோன்றுகின்றன. சந்திரனின் கருநிழல் கூம்பு வடிவானது. அதன் கூர்முனைதான் பூமியைத் தொடுகிறது. அம்முனை வரையும் கோடு பல்லாயிரம் கிலோமீட்டர் நீளமுடையதாயினும், அகலத்தில் நூறு இருநூறு கிலோமீட்டர் அளவே இருக்கும். அக்கோட்டினுள் அகப்பட்ட ஊருக்கே முழு இருள். ஓர் ஊர் அதில் அகப்படுவது சராசரியாக 375 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று கணக்கிட்டுள்ளனர்.

1871 இல் எங்கள் பக்கத்துக்கு வாய்த்தது அத்தகைய அரிய காலை. முழு மறைப்பு நீடித்தது ஏறத்தாழ 2 நிமிடம். அவ்விரண்டு நிமிடத்துக்காக நார்மன் லாக்கியர் இங்கிலாந்திலிருந்து வந்து மலையாளக் கரையில் பேக்கல் கோட்டையில் காத்திருந்தார். டென்னன்ட் தொட்டபெட்டா சிகரத்தில் நின்றார். யாழ்ப்பாணத்திலும் ஒரு குழு இருந்தது. பிரெஞ்சு அறிஞர் ஜான்சென் நீலகிரியில் சோலூர் என்னும் சிற்றூரைத் தேர்ந்துகொண்டார். முழு மறைப்பின்போது சூரியனைச் சுற்றி வெண்ணிறமாய் ஒளிரும் மகுடம் சூரியனுக்கே உரியதா, அன்றி நம் காற்று மண்டலம் செய்யும் மாயமா என்பது அந்நாளைய பெரிய ஐயம். ஜான்சென் அம்மகுடத்தின் ஒளியை நிறமாலைக் கருவியால் பகுத்தார். ஐதரசனின் ஒளிக்கோடுகளையும், சூரிய ஒளிக்கே உரிய கருங்கோடுகளையும் அதில் கண்டார். மகுடம் சூரியனைச் சார்ந்ததே என்று உறுதியாயிற்று.

இனி, எனக்குப் பெருவியப்பளித்த செய்திக்கு வருகிறேன். கிரகணங்களுக்கும் குடும்பங்கள் உண்டு. சூரியன், பூமி, சந்திரன் ஆகிய மூன்றும் ஏறத்தாழ அதே நிலைக்குத் திரும்ப 18 ஆண்டு, 11 நாள், 8 மணி ஆகிறது. இதற்குச் சாரோஸ் என்று பெயர். அந்த மிச்சமான 8 மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு சுற்றுச் சுழன்றுவிடுவதால், அடுத்த கிரகணம் வேறொரு கண்டத்தில் விழுகிறது. மூன்று சாரோஸ் கழிந்தால், அதாவது 54 ஆண்டும் சுமார் ஒரு மாதமும் கழிந்தால், நிழல் மீண்டும் நம் பக்கம் வருகிறது. 1871 உடன் கூட்டிப் பாருங்கள். 1926 சனவரியில் அது இந்துமாக்கடலையும் சுமத்திராவையும் கடந்தது. அடுத்தது 1980 பிப்ரவரி 16! அப்பத்தா கதவைச் சாத்திய அந்தப் பிற்பகலின் கிரகணமும், போக்சன் அவினாசியில் காத்திருந்த கிரகணமும் ஒரே குடும்பத்தின் உறுப்பினர்கள். ஆனால் இக்குடும்பம் ஒவ்வொரு வருகையிலும் சிறிது வடக்கே விலகிச் செல்கிறது. எனவே எங்கள் ஊர் தப்பியது.

2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணியளவில் அவினாசி மீண்டும் ஒரு பாதைக்குள் வந்தது. ஆயினும் அது கங்கண கிரகணம். சந்திரன் அன்று தொலைவில் இருந்தமையால் சூரியனின் விட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கையே மறைத்தது. மேகம் விலகிய சிறு பொழுதில், முற்றத்து வேம்பின் நிழலில் விழுந்த ஒளிப்பொட்டுகளெல்லாம் வளையங்களாய் மாறின. என்றாலும் இருள் சூழவில்லை, மகுடமும் தோன்றவில்லை. மகுடத்தின் ஒளி சூரியத் தட்டின் ஒளியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. மெல்லிய வளையம் எஞ்சியிருந்தாலும் அது மகுடத்தை விழுங்கிவிடும், கண்ணையும் கெடுத்துவிடும். ஆதலால் அட்டையில் ஊசியால் துளையிட்டு, வெண்தாளில் உருவத்தை விழச்செய்தே மாணவர்களுக்குக் காட்டினேன். 2031 மே 21 அன்று மதுரைப் பகுதியில் நிகழவிருப்பதும் கங்கணமே.

முழு மறைப்பு இந்த நூற்றாண்டில் அவினாசிக்கு இல்லை. ஆனால் 1980 உடன் மீண்டும் 54 ஆண்டைக் கூட்டுங்கள். 2034 மார்ச்சு 20 மாலை, அதே குடும்பத்தின் நிழல் காசுமீர், லடாக் மலைகளின்மேல் விழும். 1871 இல் காலையிலும், 1980 இல் பிற்பகலிலும் இந்தியாவுக்கு வந்தது, அன்று கதிரவன் மேற்கே சாயும் வேளையில் வருகிறது. எனக்கு அப்போது அறுபத்திரண்டு வயதாகும். மார்ச்சில் அம்மலைகளில் பனியும் மேகமும் இருக்கலாம். இருப்பினும் பயணத்துக்கு வேண்டிய பணத்தை இப்போதே சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். ஊசித்துளையிட்ட அந்த அட்டையும் பத்திரமாக இருக்கிறது.